தரையில் வைத்த தட்டு

வீராயியின் வேலை போனதற்குக் காரணம் ஒரு தாள். அந்தத் தாளில் 'ஆம்' என்று எழுதிய கை என்னுடையது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நடுவில் எங்கேயாவது நான் என்னை நல்லவளாகக் காட்டிக்கொள்ளப் பார்த்தால் நீங்கள் நம்ப வேண்டாம்.

என் பெயர் கலைவாணி. அங்கன்வாடி மேற்பார்வையாளர். வீடு சாரம் பகுதியில். புதுச்சேரி நகரத்துக்குள் இருபத்தி இரண்டு மையங்கள் என் பொறுப்பில். ஸ்கூட்டியில் போய், கையெழுத்து வாங்கி, கையெழுத்துப் போட்டு, வெயிலில் கருத்துத் திரும்புவதுதான் பதினைந்து வருடமாக என் உத்தியோகம். வீராயி, உப்பளம் பகுதியைத் தாண்டிக் கடலை ஒட்டி இருக்கிற ஒரு மீனவர் குப்பத்தின் மையத்தில் உதவியாளராக இருந்தவர். குப்பத்தின் பெயரை எழுதமாட்டேன். எழுதினால் அந்த ஒரு ஊர்தான் அப்படி என்று மற்ற ஊர்க்காரர்கள் நிம்மதியாக இருந்துவிடுவார்கள்.

வீராயிக்கு ஐம்பத்து மூன்று வயது. அதே குப்பத்தில் பிறந்து அதே குப்பத்தில் வாழ்க்கைப்பட்டவர். புருஷன் தட்சிணாமூர்த்தியைச் சாராயம் கொண்டுபோனது. அப்போது மகன் கலைச்செல்வனுக்கு நாலு வயது. அதற்குப் பிறகு எட்டு ஒன்பது வருடம் தலையில் மீன் கூடையோடு தெருத் தெருவாக அலைந்திருக்கிறார். சாரத்தில் எங்கள் தெருவுக்கும் வந்திருக்கிறாராம். "உங்க மாமியாருக்குச் சங்கரா மீன்னா உசுரு மேடம்" என்று ஒருநாள் சொன்னபோது எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அந்த முகம் எனக்கு ஞாபகமே இல்லை. கழுத்தெலும்பு தேய்ந்துபோய் இனிமேல் தலையில் சுமக்கக் கூடாது என்று டாக்டர் சொன்ன பிறகு, எட்டாம் வகுப்பு சர்டிபிகேட்டைத் தேடியெடுத்து மனுப் போட்டு இந்த வேலைக்கு வந்தார். பதினோரு வருடம்.

சமைப்பதில் அவர் பெரிய கெட்டிக்காரி இல்லை. சாம்பாரில் சில நாள் உப்பு தூக்கும், சில நாள் சோறு குழையும். ஆனால் அவர் பரிமாறுவதை நின்று பார்க்கலாம். குழந்தைகளை வரிசையாக உட்காரவைத்து, ஒவ்வொன்றையும் பேர் சொல்லிக் கூப்பிடுவார். அது எழுந்து வந்து இரண்டு கையையும் நீட்ட வேண்டும். தட்டை அந்தக் கையில் வைத்து, பிடி இறுகும்வரை இவர் விடமாட்டார். மூன்று வயதுக் குழந்தை ஒன்றுக்கு மொத்தத் தட்டையும் தானே ஏந்திக்கொண்டு போய் உட்காருவதில் எவ்வளவு பெருமை என்று அவருக்குத் தெரிந்திருந்தது. மற்ற மையங்களில் வாளியைத் தூக்கிக்கொண்டு போய்த் தட்டில் கொட்டிவிட்டு வருவார்கள், ஐந்து நிமிடத்தில் வேலை முடிந்துவிடும். வீராயிக்கு அரைமணி நேரம் ஆகும். "சீக்கிரம் முடிங்களேன்" என்று நான்கூடக் கடிந்திருக்கிறேன். "கையில வாங்கித் தின்னாதான் மேடம் ஒடம்புல ஒட்டும்" என்பார்.

போன ஆடி மாதம் அந்தக் குப்பத்தில் ஒரு தகராறு. விமல்ராஜ் என்கிற இளைஞனுடைய படகு இஞ்சினை யாரோ கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். யார் என்று அவனுக்குத் தெரியும். ஊர்ப் பஞ்சாயத்தில் சொன்னான். பஞ்சாயத்தார் பேசிப் பார்த்துவிட்டு, சாட்சி இல்லை, விட்டுவிடு என்றார்கள். இஞ்சினை எடுத்தவன் பஞ்சாயத்தாரில் ஒருவருக்கு மச்சான் என்பது ஊருக்கே தெரியும். விமல்ராஜ் விடவில்லை. போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய் எழுதிக் கொடுத்துவிட்டான்.

திருடியது ஊருக்குத் தப்பாகப் படவில்லை, ஊரைத் தாண்டிப் போனதுதான் தப்பு. அன்று சாயங்காலமே கோயில் வாசலில் கூட்டம் போட்டு விமல்ராஜ் குடும்பத்தைத் தள்ளி வைத்தார்கள். யாரும் அவர்களோடு பேசக் கூடாது. கடையில் சாமான் கொடுக்கக் கூடாது. நல்லது கெட்டதுக்குப் போகக் கூடாது. அவர்கள் கையில் எதையும் கொடுக்கவும் கூடாது, அவர்கள் கையால் எதையும் வாங்கவும் கூடாது. மீறினால் மீறினவரும் தள்ளி. சொன்னவர் பலராமன், பஞ்சாயத்துத் தலைவர். அவருக்குச் சொந்தமாக இரண்டு விசைப்படகு. அதில் ஒன்றில்தான் வீராயியின் மகன் கலைச்செல்வன் ஆளாகப் போய்க்கொண்டிருந்தான். வீராயி கூட்டத்தில் பெண்கள் பக்கம் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

விமல்ராஜுக்கு மனைவி அன்புசெல்வி, நாலு வயதில் ஒரே மகள் தேவிப்பிரியா. அந்தக் குழந்தை வீராயியின் மையத்தில் இருந்தது.

மறுநாள் காலையில் அன்புசெல்வி குழந்தையைக் கொண்டுவந்து மையத்து வாசலில் நின்றாள். வீராயியின் புருஷனும் விமல்ராஜின் அப்பாவும் பங்காளிகள். அன்புசெல்விக்கு வீராயி அத்தை முறை.

"அத்தை, எங்களை என்னா வேணா பண்ணிக்கிட்டும். இது ஊரு சோறு இல்லியே, கவர்மெண்டு சோறுதான? புள்ள இங்க வரலாம்தான?"

வீராயி பதில் சொல்லவில்லை. சொல்ல முடியாது. எதிர்வீட்டுத் தண்ணீர்க் குழாயில் நாலு பெண்கள் குடத்தோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். வீராயி கதவை இன்னும் கொஞ்சம் அகலமாகத் திறந்துவிட்டு உள்ளே போய்விட்டார். அன்புசெல்வி புரிந்துகொண்டு குழந்தையை உள்ளே அனுப்பினாள்.

மத்தியானம் பரிமாறும் நேரம் வந்தது. அந்த மையத்துக்கு டீச்சர் இருக்கிறார், சிவசங்கரி என்று பெயர். ஆனால் ஆள் பற்றாக்குறையால் அவருக்கு இரண்டு மையம். காலையில் இங்கே வந்து பாட்டுச் சொல்லிக்கொடுத்து, ரிஜிஸ்டர் எழுதிவிட்டு, பத்தரைக்கெல்லாம் அடுத்த மையத்துக்கு ஓடிவிடுவார். வெளியூர்க்காரரான அவர் கையால் கொடுத்திருந்தால் இந்தக் கதையே இல்லை. சோறு போடும்போது வீராயி மட்டும்தான்.

ஒவ்வொரு குழந்தையாகப் பேர் சொல்லிக் கூப்பிட்டுக் கொடுத்தார். தேவிப்பிரியாவின் முறை வந்தது. பேர் சொல்ல முடியாது, பேசக் கூடாதே. கையில் கொடுக்க முடியாது. ஜன்னல் திறந்திருக்கிறது, குழாயடியில் ஆள் இருக்கிறது. கொடுக்காமலும் இருக்க முடியாது. அந்தக் குழந்தை மற்றவர்களைப் பார்த்துவிட்டு, தன்னைக் கூப்பிடாமலே எழுந்து வந்து கையை நீட்டிக்கொண்டு நின்றதாம். வீராயி தட்டில் சோற்றைப் போட்டு, முட்டையை வைத்து, குழந்தையின் கால் பக்கத்தில் தரையில் வைத்துவிட்டு நகர்ந்துகொண்டார். குழந்தை குனிந்து எடுத்துக்கொண்டு போனது.

"நான் கொடுக்கல, அது வாங்கல. கவர்மெண்டு சோறு கவர்மெண்டு தரையில இருந்திச்சி. அது எடுத்துக்கிச்சி. அப்படின்னு மனசைத் தேத்திக்கிட்டேன் மேடம்." இது பிற்பாடு என்னிடம் அவர் சொன்னது. ஊர்க் கட்டுப்பாட்டையும் மீறவில்லை, குழந்தையையும் பட்டினி போடவில்லை, மகன் பிழைப்பும் தப்பித்தது. அன்று ராத்திரி தன் சாமர்த்தியத்தை நினைத்துக் கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்ததாம்.

இப்போது என் கதைக்கு வருகிறேன். புரட்டாசியில் எங்கள் அலுவலகத்துக்குப் புதிதாக ஒரு படிவம் வந்தது. சம உரிமை உறுதிப் படிவம். அரசாங்கப் பணத்தில் போடுகிற சாப்பாட்டில் எந்தக் குழந்தைக்கும் சாதி, மதம், ஊனம், குடும்பம் என்று எதன் பேரிலும் வித்தியாசம் காட்டக் கூடாது. காட்டப்படுகிறதா என்று மூன்று மாதத்துக்கு ஒருமுறை மையம் மையமாகப் போய்க் கேட்டு எழுத வேண்டும். பதினாலு கேள்வி. அதை நிரப்பக் கற்றுக்கொடுக்க ஒருநாள் பயிற்சி, சமோசா, டீ. நல்ல காரியம்தான், கிண்டல் செய்யவில்லை. நான் பிறந்த கிராமத்தில் டீக்கடையில் இரண்டு விதமாக டம்ளர் வைத்திருந்ததைப் பார்த்து வளர்ந்தவள் நான். அதனால் எனக்குப் பாகுபாடு என்றால் என்ன என்று தெரியும் என்று ஒரு நினைப்பு. அந்த நினைப்புதான் கண்ணை மறைத்தது. வீராயியின் மையத்துக்குள் நுழையும்போதே, 'ஒரே சாதி ஜனம், இங்கே என்ன பாகுபாடு இருக்கப் போகிறது' என்று மனசுக்குள் கணக்கை முடித்துவிட்டேன்.

காலை பத்தேமுக்கால் இருக்கும். வீராயி அரிசி களைந்துகொண்டிருந்தார். நின்றபடியே கேட்டேன்.

"எந்தக் கொழந்தைக்காவது சாப்பாடு இல்லைன்னு சொல்றீங்களா?"

"இல்ல மேடம்."

"யாரையாவது தனியா உக்கார வைக்கிறீங்களா?"

"இல்ல மேடம். எல்லாம் ஒரே வரிசைதான்."

"தனித் தட்டு, தனி டம்ளர்?"

"எல்லாருக்கும் ஒரே தட்டுதான்."

"யாருக்காவது கடைசியா போடறது, கொறைச்சிப் போடறது?"

"கொறைக்கவே மாட்டேன் மேடம்." இதைச் சொல்லும்போது குரல் ஒரு மாதிரி இருந்தது. நான் கவனித்தேன். கவனித்தும் பேனாவை நிறுத்தவில்லை.

பதினாலுக்கும் 'இல்லை'. ஒன்றுகூடப் பொய் இல்லை. தட்டைக் கையில் கொடுக்கிறீர்களா, தரையில் வைக்கிறீர்களா என்று படிவம் செய்தவர்கள் கேட்கவில்லை. அவர்களுக்கு எப்படித் தோன்றும்? நான் தாளை மடித்துப் பையில் வைத்தேன். வீராயி ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வாசல்வரை கூடவே வந்தார்.

"வேற எதுனா கேக்கணுமா மேடம்?"

"இல்லம்மா, அவ்வளவுதான்."

"எதுனா வுட்டுப்போயிருக்கப் போவுது, பாருங்க."

அவர் என்னைக் கேட்கச் சொன்னார். அது எனக்கு இப்போது தெரிகிறது. அன்று எனக்கு இன்னும் மூன்று மையம் பாக்கி, வெயில் வேறு. வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். அந்தக் காலாண்டில் எங்கள் வட்டத்தில் எல்லாக் கேள்விக்கும் சரியான பதில் வந்த மையங்களில் வீராயியின் மையமும் ஒன்று. மேலிடத்திலிருந்து பாராட்டுக் கடிதம் வந்தது. அதை நான் ஃபைலில் போட்டு வைத்திருக்கிறேன்.

ஐப்பசி மழை ஆரம்பித்த சமயத்தில் ஒருநாள் தேவிப்பிரியா கேட்டதாம், "ஆயா, எனக்கு மட்டும் ஏன் கீழ வெக்கிற?" மையத்துக் குழந்தைகள் எல்லாருமே வீராயியை ஆயா என்றுதான் கூப்பிடுவார்கள். எல்லாக் குழந்தைகளும் திரும்பிப் பார்த்தன. பதில் சொல்ல வீராயிக்கு வாயைத் திறக்க வழியில்லை. குழந்தை இரண்டு தடவை கேட்டுவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு போய்ச் சாப்பிட்டது. அதற்குப் பிறகு அது கேட்கவே இல்லை.

மறுநாள் வீராயி இன்னொரு சாமர்த்தியம் செய்தார். இருபத்தொரு தட்டையும் வரிசையாகத் தரையில் வைத்துவிட்டு, "எல்லாரும் ஓடியாந்து எடுத்துக்கோங்க பாக்கலாம், யாரு சிந்தாம எடுக்கறா" என்றார். குழந்தைகளுக்கு ஒரே குதூகலம். தேவிப்பிரியாவும் சிரித்துக்கொண்டே ஓடிவந்து எடுத்தது. மூன்று நாள் இப்படி நடந்தது. அந்த மூன்று நாளும் தான் நன்றாகச் சாப்பிட்டதாக வீராயி சொன்னார்.

நாலாம் நாள் ஏழெட்டு அம்மாக்கள் வாசலில் வந்து நின்றார்கள்.

"எங்க புள்ளைங்க என்னா தள்ளி வெச்ச வூட்டுப் புள்ளைங்களா? தரையில வெச்சிட்டு எடுத்துக்கோன்னு சொல்ற?"

"சும்மா வெளையாட்டுக்குதாண்டி."

"அந்தப் புள்ளைக்கு எப்படியோ வெச்சிக்கோ. எங்க புள்ளைங்களுக்குக் கையில குடு."

கூட்டத்தில் பலராமன் சம்சாரமும் இருந்தாள். அவள் சண்டைக்கு வரவில்லை. போகும்போது ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "கலைச்செல்வன் இந்த வாரம் கடலுக்குப் போறானா வீராயி?" கலைச்செல்வன் அவள் வீட்டுப் படகில்தான் போகிறான், அவளுக்குத் தெரியாதா? வீராயிக்குக் கேள்வி புரிந்தது. அடுத்த நாளிலிருந்து இருபது குழந்தைக்குக் கையில், ஒரு குழந்தைக்குத் தரையில்.

சிவசங்கரி டீச்சருக்குத் தெரியாதா என்று கேட்பீர்கள். அரசல்புரசலாகத் தெரியும். "புள்ள சாப்புடுதுல்ல, அது போதும், நீங்க பெருசு பண்ணாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவரை மட்டும் குறை சொல்லி என்ன ஆகப்போகிறது. அவருக்கு இரண்டு மையம் என்றால் எனக்கு இருபத்தி இரண்டு. எங்கள் எல்லாருக்குமே சாப்பாடு போய்ச் சேர்ந்தால் போதும் என்றுதான் இருந்தது.

ஏழு மாதம் போனது. மாசி மகத்துக்குச் சாமி கடலுக்குப் போகிறபோது ஊரில் ஒரு வீடு விலகி இருக்கக் கூடாது என்பார்கள். அதற்குள் விமல்ராஜும் ஓய்ந்துபோயிருந்தான். இவனோடு கடலுக்கு வர ஆள் இல்லை. பால் பாக்கெட் வாங்க அன்புசெல்வி உப்பளம்வரை நடக்க வேண்டியிருந்தது. புகாரை வாபஸ் வாங்கிக்கொண்டு, கோயில் வாசலில் ஊர் முன்னால் விழுந்து எழுந்தான். ஊர்க் கட்டுப்பாட்டை அவிழ்த்துவிட்டதாகப் பலராமன் அறிவித்தார். இஞ்சின் என்ன ஆனது என்று யாரும் கேட்கவில்லை.

கூட்டம் கலைகிற நேரத்தில் வீராயி பலராமனிடம் போனார். "அண்ணே, நாளையிலேருந்து அந்தப் புள்ளைக்குக் கையில குடுக்கலாமில்ல?"

பலராமனுக்கு முதலில் புரியவில்லை. புரிந்த பிறகு முகத்தைச் சுளித்தார். "என்னாது, இத்தினி நாளா கையில குடுக்கலியா? பச்சப் புள்ளைக்கு ஏதும்மா கட்டு? நாங்க அப்படிச் சொன்னமா? ஒரு வார்த்தை கேட்டிருந்தா சொல்லியிருப்பமே."

கேட்டிருக்க முடியாது. தள்ளி வைத்த குடும்பத்துக்காகப் பேசுவதே மீறல்தான். அந்த ஊரில் பிறந்த எவரும் அதைக் கேட்கமாட்டார்கள், அது பலராமனுக்கும் தெரியும். கேட்டிருந்தால் என்ன பதில் வந்திருக்கும் என்பதிலும் எனக்குச் சந்தேகமில்லை. பலராமன் அன்று சொன்னதை நான் நம்பவில்லை. அவர் சம்சாரம் வாசலில் வந்து கேட்ட கேள்வி அவருக்குத் தெரியாமலா இருந்தது? ஆனால் வீராயி நம்பினார். அதுதான் கொடுமை. வேண்டாத வேலையைத் தானே இழுத்துவிட்டுக்கொண்டதாக, ஏழு மாதமும் தன் பயத்தினாலேயே செய்துவிட்டதாக அவர் மனசில் விழுந்துவிட்டது. ஊர் கையைக் கழுவிக்கொண்டது.

மறுநாள் நான் அங்கே இருந்தேன். படிவத்தின் அடுத்த முறை, மார்கழியிலேயே முடிந்திருக்க வேண்டியது மாசிக்குத் தள்ளிப்போயிருந்தது. இந்தத் தடவை சாப்பாட்டு நேரத்தில் இருக்க வேண்டும் என்று உத்தரவு. வீராயி அன்று தலைக்குக் குளித்து, நல்ல புடவை கட்டிக்கொண்டிருந்தார். சாம்பார் சாதம், முட்டை. முதல் ஆளாகக் கூப்பிட்டார்.

"தேவிப்பிரியா!"

ஏழு மாதத்துக்குப் பிறகு அந்தப் பேரை அவர் வாய்விட்டுச் சொல்கிறார் என்பது எனக்கு அப்போது தெரியாது. ஒல்லியாக, பாவாடை சட்டையில் ஒரு குழந்தை எழுந்து வந்தது. வீராயி குனிந்து தட்டை நீட்டினார். குழந்தை வாங்கவில்லை. இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு ஓரடி பின்னால் போய் நின்றது.

"வாங்கிக்கோடா கண்ணு. ஆயா குடுக்கறேன் பாரு."

குழந்தை தட்டைப் பார்க்கவில்லை. தன் கால் பக்கத்துத் தரையைப் பார்த்தது. பிறகு வீராயியின் முகத்தைப் பார்த்தது. எப்போது வைப்பாய் என்பதுதான் அந்தப் பார்வை. அழவில்லை, அடம் பிடிக்கவில்லை, பொறுமையாகக் காத்துக்கொண்டிருந்தது. வீராயி மண்டி போட்டு உட்கார்ந்து, தட்டை இன்னும் கிட்டே கொண்டுபோனார். குழந்தை இன்னும் ஓரடி பின்னால் போனது. மற்ற குழந்தைகள் பசியில் சிணுங்க ஆரம்பித்தன. எவ்வளவு நேரம் அப்படியே இருந்தார் என்று சொல்லத் தெரியவில்லை. கடைசியில் வீராயி தட்டைத் தரையில் வைத்தார். குழந்தை உடனே குனிந்து எடுத்துக்கொண்டு, தன் இடத்துக்குப் போய் உட்கார்ந்து சாப்பிட்டது.

மீதி இருபது பேருக்கும் கொடுத்து முடித்துவிட்டு, சமையல் அறைக்குள் போய் வீராயி வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு அழுதார். பிறகு எல்லாவற்றையும் சொன்னார். நான் மேலே எழுதினதெல்லாம் அன்று அவர் சொன்னதுதான். எனக்குக் கோபம் பற்றிக்கொண்டு வந்தது. பலராமன் மேல், ஊர் மேல், போன தடவை இதே இடத்தில் நின்று பதினாலு 'இல்லை' எழுதின என் மேல்.

"இதை நான் எழுதப்போறேன் வீராயிம்மா."

"வேலை போயிடுமா மேடம்?"

"உங்க மேல ஒண்ணும் வராது. நான் இருக்கேன்ல? அந்தப் பஞ்சாயத்துக்காரங்களை நிக்க வெச்சிக் கேக்கணும்."

என் கையை ஒருமுறை தொட்டார். "அப்ப எழுதுங்க" என்றார்.

ஏழாவது கேள்வி, 'பரிமாறும் முறையில் வித்தியாசம் காட்டப்படுகிறதா?' என்பது. போன தடவை அதைத்தான் 'கடைசியா போடறது, கொறைச்சிப் போடறது' என்று நான் சுருக்கிக் கேட்டிருந்தேன். அதற்கு நேராக 'ஆம்' என்று எழுதி, பின்பக்கம் முழுக்க விவரம் எழுதினேன். எழுதினால் ஊரைக் கேட்பார்கள் என்று நினைத்தேன். பதினைந்து வருடம் அரசாங்கத்தில் வேலை பார்த்துவிட்டும் அப்படி நினைத்ததற்கு நான் வெட்கப்பட வேண்டும்.

பங்குனியில் விசாரணைக்கு ஹரிகிருஷ்ணன் என்ற அதிகாரி வந்தார். மோசமான மனிதர் இல்லை. மையத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்து ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். பலராமன் வெள்ளை வேட்டியில் வந்து, ஊர்ப் பஞ்சாயத்து எந்தக் குழந்தைக்கும் சோறு போடாதே என்று சொன்னதில்லை, சொல்லவும் சொல்லாது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். விசாரணைக்கு வந்த அம்மாக்கள் எல்லாரும் அதையே சொன்னார்கள். கட்டுப்பாட்டைப் பற்றி எழுத்தில் எதுவும் கிடையாது, அது எப்போதும் வாய்ச்சொல்தான். விமல்ராஜ், தனக்கு ஊரோடு எந்தப் பிரச்சினையும் இல்லை என்றான். ஒருதடவை விழுந்து எழுந்தவன் வேறு என்ன சொல்வான்?

வீராயியைக் கேட்டார்.

"தட்டைத் தரையில வெச்சீங்களா?"

"வெச்சேன் சார்."

"எல்லாருக்குமா?"

"அந்தக் கொழந்தைக்கு மட்டும்."

"யாராவது அப்படி வைக்கச் சொன்னாங்களா?"

வீராயி யோசித்தார். பலராமன் வாசலில் நின்றுகொண்டிருந்தார். ஆனால் வீராயி சொன்ன பதில் அந்தப் பயத்தில் வந்ததில்லை என்று நினைக்கிறேன். அவர் நம்பியதைத்தான் சொன்னார். "யாரும் சொல்லல சார். நானாத்தான் வெச்சேன்."

கடைசியாக அன்புசெல்வி வந்தாள். யாரும் எதிர்பார்க்காதபடி அவள் குரலை உயர்த்தினாள். "சார், ஏழு மாசம் இந்த ஊருல எங்களுக்கு ஒருத்தரும் ஒரு வாய் தண்ணி குடுக்கல. எங்க பொண்ணு ஒரு வேளை சோறு தின்னுச்சின்னா அது எங்க அத்தை தரையில வெச்ச சோறுதான். அவங்களை ஒண்ணும் பண்ணாதீங்க." ஹரிகிருஷ்ணன் தலையாட்டிக்கொண்டே எழுதினார். அறிக்கையை நான் பிறகு படித்தேன். 'குழந்தையின் தாயாரும் உணவு தரையில் வைக்கப்பட்டதை உறுதி செய்கிறார்' என்று ஒரு வரி இருந்தது.

சித்திரையில் நீக்க உத்தரவு வந்தது. அதை வீராயியிடம் கொண்டுபோய்க் கொடுத்துக் கையெழுத்து வாங்குவதும் மேற்பார்வையாளர் வேலைதான். படித்துப் பார்த்துவிட்டு, எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று மட்டும் கேட்டார். நான் இருக்கேன்ல என்று சொன்னதை அவர் ஞாபகப்படுத்தவில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அடுத்த வாரம் ஊர்ப் பஞ்சாயத்தார் உபயமாக மையத்தின் சுவரில் ஒரு பலகை வந்தது. 'இங்கு அனைத்துக் குழந்தைகளும் சமம்.' பெயிண்டு நல்ல பெயிண்டு.

புதிய உதவியாளராகத் தவளக்குப்பத்திலிருந்து தீபலட்சுமி என்ற பெண் வந்தாள். அவள் முதல்நாள் பரிமாறும்போது நான் வேண்டுமென்றே போய் நின்றேன். தேவிப்பிரியாவின் முறை வந்தது. தீபலட்சுமிக்கு ஒன்றும் தெரியாது. சாதாரணமாகத் தட்டை நீட்டினாள். குழந்தை சாதாரணமாக இரண்டு கையையும் நீட்டி வாங்கிக்கொண்டு போனது.

வீராயி இப்போது உப்பளத்தில் ஒரு தெருமுனையில் மீன் விற்கிறார். தலையில் சுமக்க முடியாதாகையால் ஒரே இடத்தில் பலகை போட்டு உட்கார்ந்திருக்கிறார். கலைச்செல்வன் பலராமன் படகில்தான் இன்னமும் போகிறான். இரண்டு மாதம் அந்தத் தெருவைச் சுற்றிக்கொண்டு போனேன். போன ஞாயிற்றுக்கிழமை மனசைக் கல்லாக்கிக்கொண்டு முன்னால் போய் நின்றேன்.

"வாங்க மேடம். சங்கரா இருக்குது, உங்க மாமியாருக்குப் போடட்டுமா?"

"போடுங்க."

இரண்டு மீனை எடுத்துச் செதில் தேய்க்க ஆரம்பித்தார். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். மீனையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவரே கேட்டார்.

"அந்தக் கொழந்தை இப்ப கையில வாங்குதா மேடம்?"

"வாங்குது."

கத்தியை நிறுத்திவிட்டு முகத்தை நிமிர்த்தினார். விசாரணை வந்த பிறகு அவர் முகத்தில் சிரிப்பை அன்றுதான் பார்த்தேன். "பழக எத்தினி நாளாச்சி? பாவம், அந்தப் பொண்ணு ரொம்ப மெனக்கெட்டுதா?"

பத்து நாள் ஆனது என்று சொல்லியிருக்கலாம். ஒரு மாதம் என்று சொல்லியிருந்தால் இன்னும் நல்லது. ஆனால் அந்த அம்மாளிடம் ஒருதடவை பொய் சொன்னது போதும் என்று தோன்றியது.

"மொத நாளே வாங்கிடுச்சு."

"மொத நாளேவா?"

"ஆமா."

"நல்லது மேடம். கொழந்தை கெட்டுப்போவல." குனிந்து மறுபடியும் செதில் தேய்த்தார். ஒரு மீன் முடிந்தது. இரண்டாவது மீனைத் திருப்பிப் போட்டு அதன் வயிற்றைக் கீறும்போது, தலையை நிமிர்த்தாமலே சொன்னார்.

"அப்ப எங் கையிலதான் வாங்கல."